செருப்போடு உள்ளே போன முத்துப்பேச்சி

நேர்காணலுக்கு வரச்சொல்லி ஆபீசிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போன அன்றே, அந்த லயத்தில் சேலைப் பேச்சு தொடங்கிவிட்டது. வரிசையாக ஒட்டிக்கிடந்த தொழிலாளர் வீடுகளில் ஒரு வீட்டுச் சேதி அடுத்த வீட்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? விளக்கு வைப்பதற்குள் முத்துப்பேச்சி என்ன உடுத்திக்கொண்டு போக வேண்டும் என்று ஆளுக்கொரு யோசனை சொல்லி முடித்திருந்தார்கள்.

அது எழுபத்து நாலாம் வருசம். மூணாற்றிலிருந்து பள்ளிவாசல் போகும் பக்கத்தில், மலைக்கு மேலே இருந்தது அந்தத் தேயிலை எஸ்டேட். அதன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பாக்டரி, ஆஸ்பத்திரி, தோட்டப் பிரிவுகளான டிவிஷன்களின் ஆபீசுகள், துரைமார் பங்களாக்கள் எல்லாவற்றின் கம்பிகளும் ஒரு சின்ன அறையில்தான் வந்து கூடும். அங்கே உட்கார்ந்து, கூப்பிடுகிறவர் கேட்கும் இடத்துக்கு இணைப்புக் கொடுக்கிற வேலை. அதுவரை அந்த நாற்காலியில் ஆபீஸ் ஸ்டாஃப் வீட்டுப் பெண்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கொழுந்து எடுக்கிறவர்கள் வீட்டிலிருந்து யாரும் அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டதுகூட இல்லை. முத்துப்பேச்சி போட்டாள். பத்தாம் வகுப்பை முதல் தடவையிலேயே தேறியவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், அங்கேயே பொறுக்கிக்கொண்ட கொஞ்சம் இங்கிலீஷ், இவ்வளவும் அவள் கையில் இருந்தன.

அவளுடைய அப்பா நல்லமுத்துவுக்குத் தேயிலை பாக்டரியில் வேலை. கொழுந்தை உலர்த்தும் இயந்திரத்தின் அடுப்புக்கு விறகு தள்ளுவார். அவர் சொன்ன யோசனை எளிமையானது.

"தாவணியே போதும்மா. எண்ணெய தேச்சு சடைய இறுக்கிப் பின்னிக்கோ. காலுக்குச் செருப்பு வேண்டாம். பாத்தா பாவமாத் தெரியணும். ஹெட் கிளார்க்கு மனசு இரங்குவாரு."

"பாவம்னு பாத்தா பழைய துணி குடுப்பாகப்பா. வேலை குடுக்க மாட்டாக."

நல்லமுத்து கோபப்படவில்லை. சம்பளக் கணக்கில் பிழை வந்தாலும், லீவு கேட்பதானாலும், ஆபீசின் பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று குனிந்து பேசியே பழகியவர் அவர். அந்தக் கட்டடத்தின் முன்படி எப்படி இருக்கும் என்று அவர் கால்களுக்குத் தெரியாது. மகள் அங்கே போய் அவமானப்பட்டுத் திரும்பிவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய பயமெல்லாம்.

அடுத்த வீட்டுக் கத்தரீனாள் மேனேஜர் பங்களாவில் ஆயா. அவள் ஒரு நைலெக்ஸ் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நீலத்தில் பெரிய பெரிய பூப்போட்டது.

"இந்தா புள்ள, இதக் கட்டு. தொரைசாணி ரெண்டே தடவதான் உடுத்துனாக. எனக்குன்னு குடுத்தது. நீ கட்டிட்டுப் போனா எவனும் உன்னய லயத்துப் புள்ளன்னு சொல்ல மாட்டான்."

முத்துப்பேச்சியின் அம்மா சாந்தம்மாள் சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "ஏன் கத்தரீனா, இண்டர்வியூவுல தொரையும் இருப்பாருல்ல? பெண்டாட்டி சேலைய அவருக்கு அடையாளம் தெரியாதா?"

கத்தரீனாள் வாயில் கை வைத்தாள். "அடியாத்தே! எங் குடியில்ல கெட்டுப்போகும்!" சேலையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வந்த வேகத்திலேயே போனாள். அம்மாவும் மகளும் அடுப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அடுத்து, சாந்தம்மாளின் கல்யாணப் பட்டு வெளியே வந்தது. பாச்சை உருண்டை வாசத்தோடு அதை உடுத்தி நின்ற மகளைப் பார்த்ததும் சாந்தம்மாள் தலையை ஆட்டிவிட்டாள். "மாப்பிள்ளை எங்கன்னு கேப்பாக."

முத்துப்பேச்சிக்கு அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை. தாவணி கட்டினால் சின்னப் பிள்ளை. பட்டுக் கட்டினால் கல்யாணப் பெண். நைலெக்ஸ் கட்டினால் இன்னொருத்தி. வேலைக்குப் போகிறவள் எப்படி உடுத்துவாள்? அவளுக்குத் தெரிந்து உடுப்பைப் பார்த்ததுமே 'இவர் வேலைக்கு வந்தவர்' என்று தோன்றியது பள்ளிக்கூடத்து டீச்சர்களைத்தான். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, ஒழுங்கான கொசுவம், தோளில் மடித்துக் குத்திய முந்தானை. நகை கண்ணில் படாது. செருப்பு காலில் இருக்கும்.

அம்மாவின் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தது. போடியிலிருந்து சித்தி பொங்கலுக்குக் கொண்டுவந்த அரக்கு நிறச் சுங்குடி. கொழுந்துக் காட்டில் இடுப்பைச் சுற்றிச் சாக்கைக் கட்டிக்கொண்டு நிற்கிறவளுக்கு அதை உடுத்த வேளை வரவே இல்லை. மடிப்புக் கலையாமல் கிடந்தது.

அலசிக் கஞ்சி போட்டார்கள். ஆனால் மலை ஒத்துழைக்கவில்லை. இறங்கிய மூடுபனி அன்று பூராவும் எழவே இல்லை. நேர்காணலுக்கு முதல் நாள் மாலையிலும் சேலை கொடியில் ஈரமாகத் தொங்கியது. முத்துப்பேச்சிக்கு அழுகை முட்டியது. நைட் ஷிப்டுக்குக் கிளம்பிய நல்லமுத்து கொடிப்பக்கம் வந்தார். சேலையைப் பிழிந்து கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

காலையில் அவர் திரும்பி வந்தபோது சேலை அப்பளம்போல் மொடமொடவென்று இருந்தது. அடுப்பறைச் சூட்டில் காய்ந்ததில் விறகுப்புகை வாசம் லேசாக அடித்தது. சாந்தம்மாள் பித்தளைச் செம்பில் கங்கு நிரப்பித் தேய்த்துக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் நல்லமுத்து. கொஞ்ச நேரம் கழித்து, "செருப்ப மட்டும் ஆபீசு வாசல்ல கழட்டிரும்மா," என்றார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் காகிதத்தில் சுற்றிக் கையில் பிடித்து, சேற்றுப் பாதையில் வெறுங்காலோடு இறங்கினாள். சரிவில் அம்மாவின் கூட்டம் ஏற்கெனவே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தது. மேற்பார்வைக்கு நின்ற கங்காணி அழகுமலை அவளைக் கண்டதும் கையைத் தட்டினார்.

"யாரது, புதுத் தொரைசாணியா? எந்தப் பங்களாவுக்கும்மா?"

சிலர் சிரித்தார்கள். முத்துப்பேச்சியின் கால் தயங்கியது. அப்போது சாந்தம்மாள் கூடையோடு நிமிர்ந்து நின்று, சரிவெல்லாம் கேட்கும்படி சொன்னாள்.

"எம் மகதான்யா! ஆபீசுக்குப் போறா, இண்டர்வியூவுக்கு! நல்லாப் பாத்துக்கோங்க!"

யார் முதலில் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. ஒருத்தி குலவையிட்டாள். அடுத்த நிரையில் இருந்தவள் அதை எடுத்தாள். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே எழும் குலவை, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்ற அத்தனை பெண்களின் வாயிலிருந்தும் எழுந்து எதிர் மலையில் மோதியது. அழகுமலைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் அவரும் கையை உயர்த்தி, "போய்ட்டு வா தாயி!" என்றார். முத்துப்பேச்சி மறுபடி நடந்தபோது அவள் கால் தயங்கவில்லை.

ஓடையில் காலைக் கழுவினாள். காலில் ஒட்டியிருந்த அட்டை ஒன்றைத் தட்டிவிட்டாள். கொசுவத்தை இறக்கிச் சரிசெய்து, செருப்பைப் போட்டுக்கொண்டு ஆபீசின் முன்படி ஏறினாள்.

பியூன் சுருளிவேல் எழுந்து நின்றான். "வாங்க டீச்சர்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"டீச்சர் இல்லண்ணே. பாக்டரி நல்லமுத்து மக."

சுருளிவேல் நாற்காலியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். போட்ட நாற்காலியை எப்படித் திரும்ப எடுப்பது? "உக்காரு... உக்காருங்க," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள போறப்ப செருப்ப..." என்று இழுத்தான்.

"உள்ள இருக்கவுக கழட்டிட்டா உக்காந்திருக்காக?"

"அது... இல்ல."

"அப்ப நானும் போட்டுக்கிட்டே போறேன்."

ஸ்டாஃப் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் போய் வந்த பிறகு, அவளைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மேனேஜர், ஹெட் கிளார்க், எக்ஸ்சேஞ்சைப் பல வருசமாகப் பார்த்துவந்த ரோசி அம்மா, மூன்று பேரும் இருந்தார்கள். மேனேஜர் மலையாளி. "இரிக்கூ," என்று எதிர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள்.

ஹெட் கிளார்க் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பார்வை செருப்பில் நின்றது. "நல்லமுத்துவோட மகளா? என்ன, கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கு?"

"கல்யாணம்னா பட்டுக் கட்டியிருப்பேன் சார். இது வேலைக்குக் கட்டுனது."

மேனேஜர் சிரித்துவிட்டார். "வேலை கிடைச்சா தினமும் இப்படியே வருமோ?"

"வருவேன் சார்."

"அந்த ரூமில் உன்னை யாரும் காண மாட்டார்களே. பின்னே எதுக்கு?"

"இப்படி உடுத்துனா குரலும் நிமிந்து வருது சார்."

அதுவரை சும்மா இருந்த ரோசி அம்மா தலையைத் தூக்கினார். "நான் பக்கத்து ரூமிலிருந்து கூப்பிடுறேன். போனை எடு. ஒரு சேதி சொல்லுவேன். அதை இவங்ககிட்ட அப்படியே சொல்லணும்," என்று எழுந்து போனார்.

மணி அடித்தது. எடுத்தால் ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து ரோசி அம்மா பதறினவர்போல் மலையாளமும் தமிழும் கலந்து கொட்டினார். ஆள் விழுந்துவிட்டது, கால் முறிந்துவிட்டது, ஆஸ்பத்திரி ஜீப் வேண்டும், சீக்கிரம்!

"பதறாதீங்க. எந்த டிவிஷன்? ரோட்டுல இருந்து எவ்வளவு தூரம்? இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க." முத்துப்பேச்சியின் குரல் அறை முழுக்கத் தெளிவாகக் கேட்டது. பதிலைக் கேட்டு, திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு, மேனேஜரிடம் மலையாளத்தில் சேதியைச் சொன்னாள்.

ரோசி அம்மா வந்து உட்காரவில்லை. நின்றபடியே, "எனக்கு இந்தப் பொண்ணு போதும்," என்றார்.

"வந்த மத்த ரெண்டு பேரையும்..." என்று ஹெட் கிளார்க் ஆரம்பித்தார்.

"அவங்க ரெண்டு பேரும் எந்த டிவிஷன்னு கேக்கவே இல்ல. ஜீப்பு எங்க போகும்?"

மேனேஜர் பேனாவை மூடினார். "திங்களாழ்ச்ச வேலைக்கு வரணும்," என்றார் முத்துப்பேச்சியிடம்.

அவள் வெளியே வந்தபோது சுருளிவேல் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். சத்தமில்லாமல் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். திரும்பி ஏறும் வழியில் அவள் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஜீப் டிரைவர் எவனோ போகிறபோக்கில் சேதியைச் சரிவில் போட்டுவிட்டுப் போயிருந்தான். சாந்தம்மாள் கொழுந்துக் கூடையைக் கழற்றாமலே பாதைக்கு ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டாள்.

முத்துப்பேச்சி வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள் கழித்து, பாக்டரியில் தேயிலை மேற்பார்வை பார்க்கும் அதிகாரி நல்லமுத்துவைக் கூப்பிட்டார். "உம் மகதான் லைன்ல இருக்கு. பேசிப் பாரும்," என்று போனைக் கையில் கொடுத்தார். நல்லமுத்து கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"எக்ஸ்சேஞ்ச். உங்களுக்கு எங்க பேசணும்?"

நல்லமுத்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "நான்தாம்மா... அப்பா."

"எந்த நம்பர் வேணும்ப்பா?"

"ஒரு நம்பரும் வேண்டாம். சும்மாதான்."

"சரிப்பா. ஆஸ்பத்திரி கூப்பிடுது, வைக்கிறேன்."

அன்று வீட்டுக்கு வந்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரியே இருந்தது என்றார். சாந்தம்மாள், "என்னதான் பேசுனா?" என்று கேட்டாள்.

"எங்க பேசுனா? அவளுக்கு வேலை இருந்துச்சு, வச்சுட்டா," என்றார் நல்லமுத்து, அடுத்த வீட்டுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக.