டிஸ்கெட்டில் ஒரு கொலைக்கதை விற்றேன்

சொந்தமாகப் புத்தகம் போட்டவர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கூட்டவே முடியாது. விற்காத பிரதிகள் அங்கேதான் குடியிருக்கும். அந்த விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவள். என் நாவல் நூறு பிரதியும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் அடங்கிவிட்டது. ஏனென்றால் நான் புத்தகம் போட்டது காகிதத்தில் இல்லை, டிஸ்கெட்டில்.

சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளின் கடைசி அது, ஃப்ளாப்பி என்கிற அந்தச் சதுர டிஸ்கெட் கொடிகட்டிப் பறந்த காலம். அச்சகக்காரர் ஐந்நூறு பிரதிக்குக் குறைந்தால் மெஷினைத் தொடவே மாட்டேன் என்றார். ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்த எனக்கு ஐந்நூறு பேரைத் தெரியவே தெரியாது. "காலம் மாறிப்போச்சு லா மல்லிகா! எந்த ஆபீஸுக்குப் போனாலும் கம்ப்யூட்டர்தான். பேசாம டிஸ்கெட்ல போட்டுடு," என்று கிளப்பிவிட்டவர் என் வீட்டுக்காரர் சேகர். அதே தொழிற்சாலையில் பஸ் ஓட்டுகிறவர். கம்ப்யூட்டரை வாழ்நாளில் தொட்டதில்லை. அதனால்தான் அவ்வளவு தைரியம்.

கதை, ரப்பர் தோட்டத்தில் ஒரு கொலை. செத்தவர் தோட்டத்துக் கிராணி. மொத்தம் பதினெட்டு அத்தியாயம். கடைசியில்தான் கொலைகாரன் பிடிபடுவான். அந்தப் பதினெட்டாவதை மட்டும் ஐந்து தடவை மாற்றி மாற்றி எழுதினேன், அவ்வளவு ஆசை அதன் மேல். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு ஆள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிஜமாகவே படித்த ஒரு ஆள். தீபாவளிக்குள் அப்படி ஒருத்தர் கிடைத்தால் இரண்டாவது நாவல், கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டரைத் தூக்கி நாத்தனார் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு எழுத்துக்கே முழுக்கு என்று சேகரிடம் சத்தியம் பண்ணித் தொலைத்தேன். வாய்க்கொழுப்பு! இரண்டாவது நாவலின் முதல் வரி அப்போதே மனசுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. புத்தகம் போட்டுப் புண்பட்ட என் சொந்தங்களே, அந்தத் தவிப்பை உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

சந்தனம், குங்குமம், டிஸ்கெட்

வெளியீட்டு விழா புக்கிட் காத்திலில், கோயில் மண்டபத்தில். நம் ஆட்களுக்குப் புதுசாக எது வந்தாலும் பூஜை போட்டாக வேண்டும். புதுக் கார் என்றால் டயருக்கடியில் எலுமிச்சம்பழம், புது மாவரைக்கும் மெஷின் என்றால் அதன் நெற்றியில் பொட்டு. டிஸ்கெட்டை மட்டும் விடமுடியுமா? நானேதான் முதல் பிரதியைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குக்கு நடுவில் வைத்துக் கொடுத்தேன். குருக்கள் தாராள மனசுக்காரர். அந்த வெள்ளித் தகடு நகருமே, சரியாக அந்த இடத்தில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமத்தையும் வைத்து, போதாததற்கு ஒரு உத்தரணி தீர்த்தமும் விட்டுக் கொடுத்தார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மேடையில் டியூஷன் சென்டரிலிருந்து இரவல் வாங்கி வந்த கம்ப்யூட்டர். கோயில் தலைவர் கைதட்டலுக்கு நடுவே டிஸ்கெட்டை உள்ளே தள்ளினார். "கர்ர்ர்... கடக்!" அவ்வளவுதான். திரையில் ஒன்றும் வரவில்லை. டிஸ்கெட்டும் வரவில்லை. சேகர் இடுக்கி தேடி பஸ்ஸுக்கு ஓடினார், டியூஷன் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார், எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது. குருக்கள் முகம் மட்டும் வாடவே இல்லை. "நல்ல சகுனம்மா! உள்ள போனது வெளிய வரமாட்டேங்குது பாருங்க, உங்க புத்தகம் நிலைச்சு நிக்கும்!"

ஐஸ்பெட்டிக் கதவில் நான்

நாத்தனார் சரோஜாவுக்கு ஒரு பிரதி சும்மாவே கொடுத்தேன். சொந்தக்காரர்களிடம் காசு கேட்டால் அடுத்த விசேஷத்தில் பரிமாறும்போது நம் இலையைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனால் எனக்கு ராஜமரியாதை! ஐஸ்பெட்டிக் கதவில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கிற உயரத்தில் என் நாவல். அது கீழே விழாமல் இருக்க அன்னாசிப்பழம் மாதிரி ஒரு பெரிய காந்தம். "சரோஜா, காந்தம் பட்டா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சு போயிடும்மா!" என்று அலறினேன். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "பரவால்ல லா அண்ணி, தீபாவளிக்குள்ள உங்க கம்ப்யூட்டரே இங்க வரப்போகுதாமே, அப்ப வேற ஒண்ணு தாங்க!"

பத்து வாங்கிய மகராசன்

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வந்து, "ஏங்க, விக்கறீங்களா, இல்ல நானே தெருவுல இறங்கவா?" என்று சேகரைப் பிடித்து உலுக்கினேன். மனுஷன் இறங்கிவிட்டார். பஸ்ஸில் ஏறும் பெண்களிடம் நீட்டினார். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் முறுக்குக் கடைக்கும் உள்ளாடைக் கடைக்கும் நடுவில் ஒரு மேசை போட்டார், நானும் கூட உட்கார்ந்தேன். "இது பாட்டா?" என்றார் ஒருவர். "படம் வருமா?" என்றார் இன்னொருவர். ஒரு பாட்டி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார். கடைசியில் சேகர், யாரையும் கேட்காமல், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அட்டை எழுதி மாட்டிவிட்டார்.

பத்தே நிமிஷத்தில் ஒரு தடித்த ஆசாமி வந்தார். சுங்கை ஊடாங்கில் காண்டிராக்ட் ஆபீஸ் வைத்திருப்பவராம். அட்டையைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார், "பத்து கொடுங்க!" என்றார். பத்து! எனக்குத் தலை கிறுகிறுத்தது. சேகர் முறுக்குக் கடைக்காரருக்கே கை கொடுத்துவிட்டார். ஆபீஸில் ஆளுக்கொன்று கொடுத்துப் படிக்கச் சொல்கிற உத்தமர் போலிருக்கிறது என்று நினைத்து, முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட வழியில்லாததால் பத்து லேபிளிலும் பேனாவால் பெயரெழுதி, 'அன்புடன்' என்றும் போட்டுக் கொடுத்தேன். பையில் போட்டுக்கொண்டவர் ஒரு சந்தேகம் கேட்டார். "கடையில வெறும் டிஸ்கெட் இதைவிட விலை ஜாஸ்தி லா. இதுல இருக்கறதை நீங்களே அழிச்சுத் தருவீங்களா, இல்ல நாங்கதான் அழிச்சுக்கணுமா?"

ஆழமான நடை

எங்கள் ஆபீஸ் கணக்குப் பிரிவில் தேவராஜன் சார். அடுத்தவர் எழுத்தில் பிழை பொறுக்காதவர். அவர் வாங்கிய ஒரே வாரத்தில் கேண்டீனில் எல்லார் முன்னாலும், "மல்லிகா, சாதாரண எழுத்தில்லைம்மா உன்னுது," என்றார். நான் அன்றைக்கு மீ கோரெங்கை அப்படியே வைத்துவிட்டு வயிறு நிறைந்து எழுந்தேன். ஆள் கிடைச்சாச்சு, கம்ப்யூட்டர் தப்பிச்சுது! ஓடிப்போய்ச் சேகரிடம் சொன்னேன். அவரோ, "கொலை பண்ணது யாருன்னு கேட்டியா?" என்றார். அதெப்படிக் கேட்பது? பரீட்சை வைக்கவா புத்தகம் போட்டேன்?

மறுநாள் ஒரு பில் விஷயமாக அவர் மேசைக்குப் போனேன். திரையில் என் நாவலைத்தான் திறந்து வைத்திருந்தார். எட்டிப் பார்த்தேன். கூடவே கொடுத்த தமிழ் எழுத்துருவை அவர் கம்ப்யூட்டரில் ஏற்றவே இல்லை! மேலிருந்து கீழ்வரை டாலர் குறி, கேள்விக்குறி, அரை அடைப்பு, தலைகீழ் கொம்பு. ஒரு எழுத்து தமிழ் கிடையாது. மனுஷன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பயபக்தியோடு பக்கத்தை நகர்த்திக்கொண்டே சொன்னார்: "நடை கொஞ்சம் ஆழம்மா. ரெண்டு தடவை படிச்சாத்தான் பிடிபடுது."

தலைவரின் கண்ணீர்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம். தலைவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார். போட்டதோடு விட்டாரா? மைக்கைப் பிடித்து என் நாவலின் முடிவைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். எனக்கு நெஞ்சு விம்மியது. முடிவைப் பற்றிப் பேசுகிறாரே, அப்படியானால் கடைசி வரை போயிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? கீழே உட்கார்ந்திருந்த சேகரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அவர்கூட இந்தத் தடவை கொஞ்சம் அசந்துவிட்டார். தலைவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு முடித்தார்: "கடைசி அத்தியாயம் படிச்சு என் கண்ணு கலங்கிடுச்சு. அதுக்கு மேல சொன்னா சுவை போயிடும், வாங்கிப் படிச்சுக்குங்க!"

சுங்கை ஊடாங்கிலிருந்து ஒரு போன்

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. லேபிளில் என் வீட்டு நம்பரைப் போட்டிருந்தேன், வாசகர்கள் பாராட்டுவதற்காக. "கதை எழுதின அம்மாவா?" என்றது ஒரு பெண் குரல். ஆமாம் என்றேன், இனிமையாக. "நல்லா இருக்கா உங்களுக்கு? பதினெட்டுன்னு போட்டுட்டு பதினேழோட நிறுத்தியிருக்கீங்க! பதினெட்டை அமுக்கினா இங்கிலீஷ்ல என்னமோ திட்டுது!"

லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, பிஸ்கட் டின்னை எடுத்து ஒவ்வொரு டிஸ்கெட்டாகப் போட்டுப் பார்த்தேன். பதினேழு. பதினேழு. பதினேழு. ஐந்து தடவை மாற்றி எழுதினேனே, அந்தக் கடைசி அத்தியாயத்தைத் தனியாக வேறொரு இடத்தில் வைத்திருந்தேன். நூறு பிரதி போட்ட அவசரத்தில் அதைச் சேர்க்கவே மறந்திருக்கிறேன். நூறில் ஒன்றில்கூட முடிவு கிடையாது! அப்படியானால் தலைவர் எதைப் படித்துக் கலங்கினார்? மேடையில் போட்ட சால்வை பீரோவிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது. சேகர் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு, அதோடு கண்ணீர் வேறு. இத்தனை நாளாய் யாரும் குறை சொல்லவில்லையே என்று பூரித்துப் போயிருந்தேனே, யாருமே அங்கே வரை போகவில்லை. இந்த ஒருத்தியைத் தவிர!

போனை மறுபடி எடுத்து, "அக்கா, உங்க பேரென்ன?" என்றேன், விக்கிக்கொண்டே. புஷ்பம். அந்தப் பத்து வாங்கிய காண்டிராக்டர் ஆபீஸில் டீ போட்டுக் கூட்டிப் பெருக்குகிறவர். ஒன்பதை அழித்துவிட்டார்களாம். மிச்சமிருந்த பத்தாவதிலும் தமிழில் பெயர் எழுதி 'அன்புடன்' என்றும் இருந்ததால் மனசு கேட்காமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாராம். ஆபீஸ் கிராணிப் பெண் தமிழ் எழுத்துரு எல்லாம் ஏற்றி, கதையைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போவாளாம். அந்த ஒரு மணி நேரம், அம்பு போட்ட பட்டனை ஒற்றை விரலால் அமுக்கி அமுக்கி, நாளுக்கு ஒரு அத்தியாயம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "சிரிக்கிறீங்க? இங்க எனக்கு நாலு நாளா சோறு இறங்கல!"

பெரட்டுக்கு வராதவள்

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பதினெட்டாவது அத்தியாயத்தைக் காகிதத்தில் அடித்து எடுத்துக்கொண்டு சேகரோடு சுங்கை ஊடாங் போனேன். சும்மா போகக்கூடாதே என்று ஒரு சீப்பு வாழைப்பழமும். புஷ்பம் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். "வாங்க, உக்காருங்க, பேசாதீங்க," என்றார். காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் போய் நின்று படித்தார். உதடு அசைய அசைய. பள்ளிக்கூடத்தில்கூட எந்த ரிசல்ட்டுக்கும் அப்படிப் பயந்ததில்லை.

முடித்தார். மடித்தார். "டிரெசர் கொன்னாருன்னா எழுதியிருக்கீங்க?" என்றார். டிரெசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். ஆமாம் என்றேன். "தப்பு," என்றார். சேகர் வாழைப்பழத்தை உரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். "விடியக்காலைல ஆள் எண்ணற பெரட்டுலதான் கிராணி செத்த சேதியச் சொன்னாங்கன்னு ஆறாவதுல எழுதியிருக்கீங்க. அன்னிக்கு மண்டோர் பொண்டாட்டி பெரட்டுக்கு வரலன்னும் நீங்கதான் எழுதியிருக்கீங்க. அப்புறம் பெரட்டு கலையறதுக்கு முன்னாடியே அவ எழவு வீட்டுல மாரடிச்சுக்கிட்டு நிக்கறா. சேதி அவளுக்கு யாரு சொன்னா?"

சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. எழவு வீட்டில் நாலு பேர் வேண்டுமே என்று, ஆட்களை மேய்க்கிற மண்டோரின் பெண்டாட்டி அவளை நிறுத்தினேன், அவ்வளவுதான். ஆனால் யோசிக்க யோசிக்க, கிராணியோடு அவளுக்கு இருந்த வாய்த்தகராறு, தொலைந்துபோன ஸ்டோர் சாவி, எல்லாம் ஒவ்வொன்றாய் வந்து அவள் காலடியில் விழுந்தன. அடிப்பாவி! என் மூக்குக்குக் கீழேயே கொன்றுவிட்டு, பதினெட்டு அத்தியாயம் என்னிடமே அழுது நடித்திருக்கிறாள்! "அக்கா, அவதான்!" என்று கத்திவிட்டேன். புஷ்பம் அக்கா அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார், காகிதத்தை என் கையில் திணித்தார். "டிரெசரை விட்டுடுங்க, பாவம். இதைத் திருத்தி எழுதுங்க, ரெண்டாவது கதைய எழுதுனதும் முதல்ல எனக்குக் கொண்டாங்க, முடிவோட!"

சரோஜாவுக்கு அந்தத் தீபாவளிக்குக் கம்ப்யூட்டருக்குப் பதிலாகத் தலைவர் போட்ட சால்வையைக் கொடுத்தேன். நூறு பிரதி போட்ட எனக்குக் கடைசி வரை படித்த வாசகி ஒருத்திதான் கிடைத்தாள், அவளும் கதையை எழுதிய என்னைவிட நன்றாகப் படித்திருந்தாள்.