அப்பா போடும் கமெண்ட்

பெருங்களத்தூரில் என் செய்தித் தளத்துக்காக எடுத்த வாடகை அறையில் இன்று தச்சர் பிளைவுட் அறுத்தார். அந்த வாசனை என்னைப் பழைய தாம்பரம் பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனது.

அப்பா பேப்பர் நிருபர். அவரோடு வேலை பார்த்த ஸ்டெல்லா ஆன்ட்டி, வேலையை விட்டுவிட்டு உள்ளூர்ச் செய்திக்கென்று சொந்தமாக வெப்சைட் தொடங்கியிருந்தார். அப்பாவின் செய்தி காலையில் அச்சில் வருவதற்குள் ஆன்ட்டியுடையது முந்தின நாளே வந்திருக்கும். அப்பாவுக்கு டைப் அடிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை என்னை அந்த சென்டரின் பிளைவுட் தடுப்புக்குள் உட்காரவைத்து, ஆன்ட்டி எழுதியதைக் கடைசி வரிவரை படிப்பார்.

"தப்பு. அந்த ஸ்டாப் இரும்புலியூர்ல இருக்கு. பேர் போடாம கமெண்ட் அடிம்மா."

என் பரீட்சைப் பேப்பரை அவர் அப்படிப் படித்ததே இல்லை. எனக்கு வயிறு எரியும்.

இப்போது போனில் அவரே ஆன்ட்டிக்குத் தினமும் கமெண்ட் போடுகிறார். என் தளத்தில் ஒன்றுகூட இல்லை. போன வாரம் வேண்டுமென்றே பெருங்களத்தூர் மேம்பாலத்தைக் காட்டாங்குளத்தூரில் இருப்பதாக எழுதிவிட்டுக் காத்திருந்தேன். யாரோ ஒரு காலேஜ் பையன்தான் திருத்தினான்.

அப்பாவிடமே கேட்டேன்.

"உன்னுது நல்லாத்தாம்மா இருக்கு" என்றார், போனில் ஆன்ட்டியின் தளத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.