மணல் மூட்டைக்குப் பதிலாக

எங்கள் நாலு சீட் பயிற்சி விமானம் இன்னும் கொஞ்சம் கூடுதல் எடையோடு பறக்க அனுமதி வேண்டியிருந்தது. அதற்காகத் திருச்சிக்கு வந்தவர்தான் அந்தப் பொறியாளர். கனத்த உடம்பு, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. பேசும்போதெல்லாம் விமானத்தின் சக்கரக் காலை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருப்பார்.

"நல்லாத் தூக்குதுங்க சார், நான்தானே தினம் ஓட்டறேன்" என்றேன்.

"தூக்கறது இன்ஜின் வேலைங்க. இறங்கறப்ப அடி வாங்கறது இந்தக் கால்தான்."

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சக்கரக் காலை வலுவானதாக மாற்றச் சொன்னார். மாற்றினோம். புது எடையில் சோதனைப் பறப்பு. இதற்கெல்லாம் பின் சீட்டில் மணல் மூட்டை வைத்துக் கட்டுவதுதான் வழக்கம். நான் மூட்டைக்கு ஆள் அனுப்பப் போனேன்.

"எதுக்குங்க? நான் இருக்கேன்ல" என்று ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

ஸ்ரீரங்கம் கோபுரத்தைத் தூரத்தில் பார்த்தபடி ஒரு சுற்று சுற்றித் திரும்பினோம். கனம் கூடிய விமானத்தை நான் பல்லைக் கடித்துக்கொண்டு தரையிறக்கினேன். கால் தாங்கியது. வெற்றியோடு பின்னால் திரும்பினேன். மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்தத் தூக்கம் அவர் கணக்கின் மேல் இருந்த நம்பிக்கையா, என் கையின் மேல் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. என் கைதான் என்று நானே வைத்துக்கொண்டேன்.