பண்டமாரானிலிருந்து வந்த பதில்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. ரமணியின் கழுத்துத் தழும்பை நானே பார்த்திருக்கிறேன்.

1998. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் ரமணியின் அலுவலகம். சாதாரணக் கம்ப்யூட்டரையும் குவாண்டம் கம்ப்யூட்டரையும் ஒரே புரோகிராமில் சேர்த்து வேலை வாங்க, அவளும் கூட்டாளி கன்னையாவும் ஒரு கணினி மொழி எழுதிக்கொண்டிருந்தார்கள். அசல் குவாண்டம் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? அதைப் போலவே நடந்துகொள்ளும் புரோகிராம் ஒன்றைக் கன்னையா பண்டமாரானில் தன் வீட்டில் ஓட்டினார். இவள் டெலிபோன் லைன் வழியாகக் கேள்வி அனுப்புவாள். அங்கிருந்து பூஜ்யமோ ஒன்றோ பதிலாக வரும். காசு சுண்டுவது மாதிரி. எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"நாளைக்கு மத்தியானம் லைன் போடும்மா. நான் வீட்லதான் இருப்பேன் லா" என்று சாயங்காலம் போனில் சொன்னார் கன்னையா.

மறுநாள் மூன்று மணி. வெளியே அடைமழை. மோடம் கீச்சிட்டது... லைன் கிடைத்தது.

ஒன்று. ஒன்று. ஒன்று.

பூஜ்யமே வரவில்லை. ஏதோ கோளாறு என்று புரோகிராமை நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. மோடம் வயரைப் பிடுங்கினாள்.

ஒன்று... ஒன்று...

மோடத்திலிருந்து ஒரு முனகல். ஆண் குரல்.

"அண்ணே?" என்றாள் ரமணி.

பின்மண்டையில் ஓர் அடி விழுந்தது. திரும்பினாள். யாருமில்லை.

ஒன்று. அடி.

ஒன்று. முகம் மேசையில் மோதியது. மூக்கு உடைந்து கீபோர்டெல்லாம் ரத்தம்.

அலற வாயைத் திறந்தாள். மெல்லிசாக ஏதோ கழுத்தைச் சுற்றியது... இறுக்கியது...

கால்கள் உதறின.

கண் இருண்டது.

பூஜ்யம்.

பிடி விட்டது.

சத்தம் கேட்டுக் கீழே பூக்கடை வள்ளியம்மா ஓடிவந்தாள். "ஐயோ! யாரும்மா உன்னைய இப்படி அடிச்சது?"

"போலீசுக்குப் போன் பண்ணுங்க ஆன்டி... கன்னையா அண்ணன் வீட்டுக்குப் போகச் சொல்லுங்க..."

போனார்கள். கதவு உடைந்து கிடந்தது. முதல் நாள் இரவே யாரோ கன்னையாவை அடித்துத் துன்புறுத்திக் கொன்றிருந்தார்கள். கம்ப்யூட்டர் தூள்தூளாகக் கிடந்தது. யார் செய்தது, எதற்கு? இன்றுவரை தெரியாது.

"இன்னிக்கு மூணு மணிக்கு அங்கேருந்து பதில் வந்துச்சு சார்" என்றாள் ரமணி.

இன்ஸ்பெக்டர் சிவசம்பு அவள் கழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வந்திருக்காதும்மா. அந்த வீட்டு டெலிபோன் வயரை அறுத்துத்தான் அவர் கழுத்தை நெரிச்சிருக்காங்க."