கணுவும் கரணையும்

முசிறி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக் காலில் சேறு காயவில்லை, மடியில் ஈரச் சாக்கு. உள்ளே நடுவதற்கு வெட்டிய தீவனப்புல் கரணைகள். அடிக்கடி பாட்டிலைத் திறந்து சாக்கை நனைத்தார். பாதி என் பேண்ட்டில்.

"மாடு இருக்குங்களா?"

"இல்லைங்க. ஸ்ரீரங்கத்துல மூணாவது மாடி."

"அதனால என்னங்க? ஒரு கணு மண்ணுக்குள்ள, ஒரு கணு வெளியில. தண்ணி மட்டும் தேங்கக் கூடாது."

என் பையில் ஒரு கரணையைச் செருகிவிட்டு இறங்கிப் போனார்.

எரிச்சலில் அதை ரோஜாத் தொட்டியில் குத்திவைத்தேன். ரோஜா செத்துவிட்டது. புல்லோ வெட்ட வெட்ட ஒன்றரை மாதத்தில் தோளுயரம் வந்து நிற்கிறது. பிடுங்கியெறியவும் மனம் வரவில்லை. அறுத்துக் கட்டாக்கி ஷேர் ஆட்டோவில் பால்காரர் வீட்டுக்குச் சுமக்கிறேன்.

நேற்று கட்டு வாடுகிறதே என்று பாட்டிலைத் திறந்தேன். பக்கத்தில் இருந்தவர் பேண்ட்டைத் துடைத்துக்கொண்டே முறைத்தார்.

"மாடு இருக்குங்களா?" என்றேன்.