கழுவாத டேங்க்

பக்கத்து நிலத்து மல்லிகா அக்காவிடம் மருந்தடிக்கும் டேங்க்கை இரவல் வாங்கி, என் மக்காச்சோளத்துக்கு, சோளத்தை விட்டு மற்ற செடிகளைக் கருக்கும் களைக்கொல்லி அடித்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் கழுவாமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவர் அதிலேயே தன் சோயாவுக்குப் புழு மருந்து அடித்தார்.

ஒரே வாரத்தில் சோயா இலைகள் மஞ்சளாகிக் கருகத் தொடங்கின. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. வரப்பிலிருந்து, அக்கா நின்றிருந்த சோயாவுக்குள் இறங்கப் போனேன்.

"உள்ள காலு வைக்காத தம்பி!" என்று அக்கா கத்தினார். "இன்னா நோவுன்னே தெரியல. உன் காலோட வந்து உன் சோளத்துலயும் ஒட்டிக்கப் போவுது."

தூக்கிய காலை அப்படியே பின்னுக்கு இழுத்தேன்.

"நோவு இல்லக்கா. டேங்க்க நான் கழுவல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கருகிய ஓர் இலையைக் கிள்ளி, கையிலேயே வைத்திருந்தார்.

அந்த வருடம் எங்கள் ஜவ்வாது மலையில் என் சோளம்தான் அமோக விளைச்சல் என்றார்கள். அப்படிச் சொன்ன ஒருவரையும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.