அரைத் தகரம் மண்

பயறு, கடலைச் செடிகளின் வேர்முடிச்சில் குடியிருந்து உரமூட்டும் கிருமிக்கு ரைசோபியம் என்று பெயராம். கல்லூரியில் பாடம் நடத்தும் என் மகள் சொன்னாள். முன்பெல்லாம் எந்தச் செடியின் வேரில் குடியேறுகிறதோ அதை வைத்தே இனம் பிரித்தார்களாம். பிறகு மெதுவாக வளர்பவற்றைத் தனிப் பேரினமாக்கி, சோயாவில் இருப்பதற்குப் பிராடிரைசோபியம் என்று வேறு பெயர் சூட்டிவிட்டார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பாகப்பிரிவினையை உன் அப்பா ஜப்பான்காரன் காலத்திலேயே முடித்துவிட்டார் என்றேன்.

என் வீட்டுக்காரர் மலாயாவில் ஈப்போ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாற்றங்கால் வேலை பார்த்தவர். மரத்தடியில் மண்ணைக் காக்கப் படரவிடும் கொடியைப் பிடுங்கி, வேர்முடிச்சுகளை நகத்தால் கிள்ளிப் பார்ப்பார். உள்ளே சிவப்பாக இருந்தால் கிருமி வேலை செய்கிறது என்று முகம் மலர்ந்துவிடும். என்னைப் பெண் பார்க்க வந்தபோது அந்த அளவு மலர்ந்ததா என்பது சந்தேகம்தான்.

ஜப்பானியர் வந்ததும் ரப்பர் பால்வெட்டு நின்றது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வீட்டுக்கு ஒரு துண்டு நிலமும் சோயா விதையும் கொடுத்தார்கள். பயிர் தேறாத வீட்டு ஆம்பளை சயாம் ரயில் பாதை வேலைக்குப் போகவேண்டும் என்றார் ஜப்பான் அதிகாரி. எங்கள் லயத்திலிருந்து முன்பு போனவர்களில் ஒருவரும் திரும்பியிருக்கவில்லை.

முளைத்த சோயா வெளிறிப்போனது. அதே மண்ணில் கடலை மட்டும் செழித்து நின்றது. இவர் இரண்டையும் பிடுங்கிப் பார்த்தார். கடலை வேர் நிறைய முடிச்சு. சோயா வேரில் ஒன்றுகூட இல்லை.

"ரப்பர் மரத்தடிக் கொடி வேர்ல இருக்க பூச்சி கடலைக்கு ஒத்துக்கும். சோயாவுக்கு அதோட சொந்தப் பூச்சிதான் வேணும். மலையடிவாரத்துல சீனவங்க கெபுன்ல, அவங்க காய்கறித் தோட்டத்துல, வருசா வருசம் சோயா போடுறாங்க, அந்த மண்ணுல இருக்கும்லா," என்றார்.

"மண்ணள்ள மலையடிவாரம் வரைக்கும் போறீங்களா? ஒங்கள தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்," என்றேன்.

டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிளில் போய் ஒரு தகரம் மண் கொண்டுவந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே, "பாதிய நம்ம செடிக்குப் போடு. பாதிய பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடு," என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

நான் கொடுக்கவில்லை. பாதி மண் போதாமல் இவரை இழுத்துப் போய்விட்டால்? முழுத் தகரத்தையும் எங்கள் செடிகளுக்கே அணைத்தேன். இவர் கேட்டபோது, "குடுத்துட்டேன்," என்று வாய் கூசாமல் சொன்னேன்.

ஒரு மாதத்தில் எங்கள் சோயா கரும்பச்சை ஆனது. அக்காவுடையது மஞ்சளாகவே நின்றது. இவர் அதைப் பார்த்தார். எங்கள் செடிகளின் வேரடி மண்ணை அள்ளி, தானே கொண்டுபோய் அக்காவின் செடிகளுக்குப் போட்டார். "பூச்சி பங்கு போட்டா கொறையாது, பெருகும்," என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து அதிகாரி பார்வையிட வந்தார். அக்காவின் இலைகள் இன்னும் மஞ்சள்தான். அக்கா வீட்டுக்காரரைத் தனியே நிறுத்தினார்கள். அக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, ஓடிப்போய் அக்காவின் செடி ஒன்றைப் பிடுங்கி அதிகாரி முன்னால் நீட்டினேன். வேரில் மிளகளவு முடிச்சுகள் இருந்தன. ஒன்றைக் கிள்ளிக் காட்டினேன். உள்ளே சிவப்பு. அதிகாரி குனிந்து தானும் ஒன்றைக் கிள்ளிப் பார்த்தார். அவர் ஊரிலும் சோயா விளையும் போலிருக்கிறது. பத்து விரலையும் விரித்து, பத்து நாள் என்று காட்டிவிட்டுப் போனார். பத்தாம் நாள் அந்த இலைகள் பச்சை பிடித்திருந்தன.

இவரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும். எனக்காகத்தான பயந்த," என்றார். அந்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் என் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

யுத்தம் முடிந்தபிறகு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கோடு வருவார்கள். "நீ இல்லாட்டி அன்னிக்கே என் தாலி போயிருக்கும்," என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொள்வார். இவர் முறுக்கைக் கடித்துக்கொண்டிருப்பார். என்னைக் காட்டிக்கொடுத்ததே இல்லை. அக்காவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு முப்பது தீபாவளிக்கு மேல் கிடைத்தது. நான் சொல்லவில்லை.